வாத்து சுட்ட இரண்டு வருஷம்

எனக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் பந்து என் பக்கம் வந்தால் நான் எதிர்ப்பக்கம் ஓடுகிற ஆள். அப்படிப்பட்ட நான், கல்யாணமாகி வந்த வீட்டின் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் துப்பாக்கியோடு இரண்டு வருஷம் வாத்து சுட்டேன் என்றால் யாரும் நம்புவதில்லை. என் மகளே நம்பவில்லை. போட்டோ இருக்கிறதா என்று கேட்கிறாள். அந்த நாளில் எங்கள் வீட்டில் என்னைப் போட்டோ எடுக்க யார் இருந்தார்கள்?

எண்பதுகளின் பின்பாதி. பிறந்த வீடு பெரம்பலூர்ப் பக்கம், புகுந்த வீடு அரியலூர். ரயிலடிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே ஒடிகிற தெரு. வீட்டில் மொத்தம் மூன்று பேர்தான்: அவர், அவருடைய அம்மா, நான். மாமனார் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை, துபாயில் ஏசி மெக்கானிக். நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தவருக்குப் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, தாலி கட்டி முடிப்பதற்குள் இருபத்தைந்து நாள் ஓடிவிட்டது. மிச்சத்தில் பாதியைச் சொந்தக்காரர்கள் விருந்து வைத்தே தின்றுவிட்டார்கள். அவரும் நானும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அதிகம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டியிலிருந்து ஒரு அட்டை டப்பாவை எடுத்துப் பிரித்தார். டிவி கேம். டிவிக்குப் பின்னால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதன் ஒயரைச் செருகவேண்டும். சேனலைத் திருகினால் திரையில் புல், ஒரு மரம், மேலே வானம். புல்லுக்குள்ளிருந்து வாத்து கிளம்பிப் பறக்கும், நாம் துப்பாக்கியைத் திரைக்கு நேராகப் பிடித்துச் சுடவேண்டும், பட்டால் விழும். சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கி, வால் மாதிரி நீள ஒயர். அவர் ஏழெட்டு முறை சுட்டார். ஒன்று விழுந்தது. வோல்டேஜ் சரியில்லை என்று ஸ்டெபிலைசரைத் தட்டிப் பார்த்தார். அதோடு கரண்டே போய்விட்டது.

இருட்டிய ஹாலில் உட்கார்ந்தபடி சொன்னார்: “ஆறு மாசம்தான். விசா எடுத்து உன்னக் கூப்புட்டுக்குறேன். அதுவரைக்கும் இத வெச்சுப் பொழுத ஓட்டு.”

நான் சரி என்றேன். ஆறு மாதம் என்ன பெரிய விஷயம், மாடு சினையானால்கூட அதற்குமேல் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் போனார்.

எங்கள் டிவியைப் பற்றிச் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். கருப்பு வெள்ளை டிவி. மரப்பெட்டிக்குள் இருக்கும், இழுத்து மூடக் கதவு உண்டு. திரைக்கு முன்னால் திருச்சியில் வாங்கிய ஒரு கலர்த் தாள் மாட்டியிருந்தது. மேல்பக்கம் நீலம், நடுவில் ரோஸ், அடியில் பச்சை. வானமும் வயலும் வந்தால் பொருத்தமாகத்தான் இருக்கும். மனிதர்கள் வந்தால் நெற்றி நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் தெரியும். அத்தை, அதாவது என் மாமியார், அதைக் கலர் டிவி என்றுதான் தெருவில் சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க வருகிற பெண்களும் ஆமாம் கலர்தான் என்று ஒத்துக்கொள்வார்கள். ஓசியில் படம் பார்க்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

மத்தியானத்தில் டிவியில் ஒன்றும் வராது. சாப்பாடு முடிந்து அத்தை தலைசாய்த்ததும் நான் கேமைப் போடுவேன். புல்லிலிருந்து வாத்து எழும்புகிற அந்த நொடியில் சுட்டால் சில சமயம் விழுந்தது. கொஞ்சம் மேலே போய்விட்டால் விழவே விழாது. எல்லாத் தோட்டாவும் தீர்ந்து, வாத்து ஒய்யாரமாகப் பறந்துபோகும், டிவி கிண்டலாக ஒரு மெட்டு வாசிக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் துப்பாக்கியைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் குறி பார்க்க வரவில்லை என்று நினைத்தேன். ஆசையாக வாங்கிவந்த மனுஷனுக்கு இப்படி ஒரு கையாலாகாதவள் வாய்த்தாளே என்றுகூட நினைத்தேன். புதுசாகக் கல்யாணமான பெண்ணுக்கு எல்லாம் தன் குற்றமாகத்தான் தெரியும்போல.

இதை அவருக்கு எழுதவும் வழியில்லை. கடிதம் எழுதுகிற விதமே வேறு. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. துபாயிலிருந்து கடிதம் அத்தை பேருக்கு வரும், நான்தான் பிரித்து உரக்கப் படித்துக் காட்டவேண்டும். ‘மருமகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் எழுதியிருப்பதை, அந்த மருமகளே நின்றுகொண்டு படிப்பாள். பதிலும் நான்தான். அத்தை சொல்லச் சொல்ல எழுதுவேன். கடைசியில், “ஒனக்கு எதும் எழுதணும்னா எழுது” என்று இரண்டு வரி இடம் கிடைக்கும். அந்த இரண்டு வரியையும் ஒட்டுவதற்கு முன்னால் படித்துக் காட்டவேண்டும். மாமியார் காதுபடப் புருஷனுக்கு என்ன எழுத முடியும்? ‘நான் நலம். நன்றாகப் பொழுது போகிறது. துப்பாக்கி நன்றாக வேலை செய்கிறது.’ மாதாமாதம் இதுதான். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

அவர் கடிதங்களிலும் ஒரு வரி மாறாமல் வரும்: ‘விசா விஷயமாக அலைந்துகொண்டிருக்கிறேன்.’ அதைப் படிக்கும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் ஏறும். படித்துவிட்டு அத்தை முகத்தைப் பார்ப்பேன். அத்தை வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, மேலே படி என்பார்.

ஆயுத பூஜை வந்தது. அத்தைக்கு அன்றைக்கு வீட்டில் இருக்கிற எல்லாமே கழுவித் துடைத்தாகவேண்டும். அரிவாள்மணை, மண்வெட்டி, தையல் மெஷின், ஃபேன், ஸ்டெபிலைசர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. டிவியில் இருந்த கலர்த் தாளையும் கழற்றிச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கொல்லையில் காயவைத்தார். துப்பாக்கியையும் விடவில்லை. அதற்கும் ஒரு பொட்டு வைத்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் நிஜமாகவே ஆயுதத்துக்குப் பூஜை நடந்தது என்று நான் பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் ஞாபகமில்லாமல் டிவியைப் போட்டேன். தாள் இன்னும் கொல்லையில் கிடந்தது. முதல் வாத்து எழும்பி உச்சிக்கே போய்விட்டது. சும்மா ஒப்புக்குச் சுட்டேன். பொத்தென்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அடுத்ததும். நான் எழுந்துபோய்க் கொல்லையில் கிடந்த தாளைப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. துப்பாக்கி திரையிலிருந்து வருகிற வெளிச்சத்தை வைத்துத்தான் பட்டதா படவில்லையா என்று தெரிந்துகொள்கிறது. நாங்கள் நடுவில் கலரை மாட்டி அதன் கண்ணைக் கட்டிவைத்திருந்தோம். அடிப்பக்கம் துடைத்துத் துடைத்து வெளுத்துப்போயிருந்ததால் புல்லோரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. தப்பு என்னுடையது இல்லை. அந்தச் சந்தோஷத்தை ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். கொல்லையில் துணி காய்கிற கொடி மட்டும்தான் இருந்தது. அதனிடம் என்ன சொல்வது?

தாளை மறுபடி மாட்டவிடவில்லை நான். அத்தையோடு எனக்கு வந்த முதல் சண்டை அதுதான். தெருவில் கலர் டிவி என்று சொன்ன வாயால் இனி என்ன சொல்வேன் என்று அவர் குதித்தார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். தாளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி கொக்கி போட்டோம். வாரம் முழுக்கக் கருப்பு வெள்ளை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலர்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் நாலு மணிக்கு எழுவேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ரோட்டில் போகும். குவாரியில் வெடி வைத்தால் அலமாரிப் பாத்திரம் ஒரு தடவை சிலிர்த்து அடங்கும். எக்ஸ்பிரஸ் ரயில்கள் எங்கள் ஊரை மதிக்காமல் ஊதிக்கொண்டே போகும். நான் சுட்டுக்கொண்டிருப்பேன். எந்த வாத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எழும்புகிறபோதே தெரிய ஆரம்பித்தது. சிலதைப் பார்த்தாலே ஆள் ஞாபகம் வரும். தயங்கித் தயங்கிக் கிளம்பித் திடீரென்று குறுக்கே பாய்கிற ஒன்று, எங்கள் கல்யாணத் தரகர்தான். நேரே மேலே போய்க் காணாமல் போகிற ஒன்று இருந்தது. அதை மட்டும் நான் விட்டதே இல்லை.

வாத்துகளோடு பேசவும் ஆரம்பித்தேன். எங்கடி போற, நில்லு, இந்தா வாங்கிக்கோ, இப்படி. ஒருநாள் என் குரல் கரகரவென்று வந்தது. தொண்டை கட்டியிருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. காலையிலிருந்து அதுதான் நான் பேசின முதல் பேச்சு. அன்றைக்கு அத்தை கோவிலுக்குப் போயிருந்தார். அப்படியே துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அழுகிற நேரத்தில் இரண்டு வாத்து தப்பிவிட்டது.

தெருப் பெண்கள் குழாயடியில் என்னைப் பார்த்தால், ஒனக்கென்னம்மா, வெளிநாட்டுக்காரர் பொண்டாட்டி, சமைக்கிறதும் ரெண்டு பேருக்குத்தான் என்பார்கள். சிரித்து வைப்பேன். அம்மா வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு. விசா எப்போ, விசா எப்போ என்று ஊரே கேட்கும். வருகிறது, வருகிறது என்பேன். ஆறு மாதம் ஒரு வருஷமாகி, ஒன்றரை வருஷமானது. நான் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த போட்டோவில் கட்டியிருந்த புடவையே கிழிந்து கரித்துணி ஆகிவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், அத்தை என்னை ஒருநாளும் கேமை நிறுத்து என்று சொன்னதில்லை. சாம்பாரில் உப்பு, வாசலில் கோலம், நான் சிரிக்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருப்பவர் இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் லீவில் வந்தார். முதல் பத்து நாள் வீடு திருவிழாக் கூட்டம். யார் யாருக்கு என்ன கொண்டுவந்தார் என்று பார்க்க வந்தவர்கள், பிள்ளைகளுக்கு விசா கேட்டு வந்தவர்கள். அவரிடம் நான் கேட்க நினைத்த ஒரே கேள்வியைக் கேட்க நேரம் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் உடையார்பாளையத்தில் சொந்தத்தில் ஒரு சாவு என்று தகவல் வந்தது. என் வீட்டுக்காரருக்கு முந்தின நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது. அதனால் அத்தை மட்டும் பஸ் ஏறிப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தது அன்றைக்குத்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அவரே கேமைப் போட்டார். வா, ஒரு கை பார்ப்போம் என்றார். பத்து வாத்தில் அவருக்கு இரண்டு விழுந்தது. வோல்டேஜைத் திட்டினார். துப்பாக்கியை என்னிடம் நீட்டினார், உன்னால் ஒன்றாவது முடிகிறதா பார் என்கிற சிரிப்போடு.

நான் அப்போது முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைக்கவில்லை. இடது கையில் துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். சிறகடிக்கிற சத்தம் கேட்டதும் தலையைத் தூக்குவேன், சுடுவேன், மறுபடி அரிசியைப் பார்ப்பேன். பத்தும் விழுந்தது. அவர் கைதட்டினார். அடுத்த சுற்றிலும் பத்து. ஓகோ என்றார். வாத்துகள் வேகமாயின. எனக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஆறாவது சுற்றோ ஏழாவது சுற்றோ, அவரிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெனமும் ஆடுவியா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“எவ்வளவு நேரம்?”

மூன்று மணி நேரம், சில நாள் நாலு என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், அது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் போன போக்கைக் கவனித்தேன்.

“நல்லாப் பொழுது போவுதுன்னு எழுதுனியே.”

“வேற என்னத்த எழுதச் சொல்றீங்க? படிச்சுக் காட்டித்தான ஒட்டணும்.”

அவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் என் முகத்தைப் பார்க்காமல் முறத்து அரிசியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “என் வேலைக்குக் குடும்ப விசா கெடையாது. ஒரு ரூமுல எட்டுப் பேர் கெடக்குறோம். எப்பவும் கெடைக்காது.”

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“இத வாங்குறப்பவே தெரியும்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காதெல்லாம் சுட்டது. ஆறு மாதத்துக்கு என்று சொல்லிக் கொடுத்த சாமானை, இந்த மனுஷன் ஆயுசுக்கும் என்று தெரிந்தே வாங்கியிருக்கிறார். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார். வரப்போகிறவள் யார் என்றுகூட அப்போது தெரியாது. வருகிறவள் எவளாக இருந்தாலும் தனியாகத்தான் கிடக்கப்போகிறாள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

“உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். விசா விசா என்று நான் குரலை ஏற்றி ஏற்றிப் படித்த கடிதங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. அத்தை வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, மேலே படி, மேலே படி என்றது ஞாபகம் வந்தது. புருஷன் சொன்ன பொய்யைவிட அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அவராவது கண்காணாத இடத்தில் இருந்து சொன்னார். இவர் தினம் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். விடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறுவது என்று முடிவுசெய்தேன். புடவைகளை எடுத்து மடித்துக்கூட வைத்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்து அத்தை வந்தார். சாவுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, தண்ணி ஊத்து என்று குரல் கொடுத்தார். அவர் தொடாமல் நான்தான் மொண்டு ஊற்றவேண்டும். துவைக்கிற கல்லில் குந்தி உட்கார்ந்தார். நான் அண்டாவிலிருந்து மொண்டு தலையில் ஊற்றினேன். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு. மூன்றாவது சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்: “விசா வராதுன்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமாங்க அத்தை?”

அத்தை முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார். ஆச்சரியப்படவில்லை. தலைமுடி நனைந்து ஒட்டியதில் தலை சின்னதாகத் தெரிந்தது.

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நீ இருந்துருப்பியா?” என்றார். “அம்மா வூட்டுக்குப் போயிருப்ப. அவன் துபாய் போன பொறவு ஏழு வருசம் இந்த வூட்டுல நான் தனியா இருந்தேன். இன்னொரு தடவ என்னால முடியாது.”

அவர் அதைக் கெஞ்சுகிறது மாதிரி சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்கிற அதே குரலில்தான் சொன்னார். எனக்கு வந்த கோபம் அந்த இடத்திலேயே தணிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தணியவில்லை. என்னைத் தன் தனிமைக்குத் துணையாகக் கட்டிவைத்த கிழவியை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். ஆனால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது. அந்த வீட்டு மத்தியானங்கள் எப்படி இருக்கும் என்று அவரைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படித் தெரிந்தவளால் அவரை விட்டுவிட்டுப் பஸ் ஏற முடியாது. அது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அத்தைக்குக் குளிரில் தோள் நடுங்கியது. கையிலிருந்த சொம்பை ஊற்றிவிட்டு, உள்ளே போய் அவருக்குச் சீலை எடுத்துக்கொண்டு வந்தேன்.